சாக்கு ஆளும் என் இடது காலும்

என் வாழ்நாளில் ஒரே ஆளைப் பதினோரு தடவை வண்டியேற்றிக் கொன்றிருக்கிறேன். ஒரு தடவைகூடப் போலீஸ் வரவில்லை. செத்தவன் சாக்கு ஆள் என்பதுதான் காரணம்.

கோணிச் சாக்குக்குள் தேங்காய் நாரைத் திணித்து, தலைக்கு ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து, யாரோ கழற்றிப் போட்ட காக்கிச் சட்டையையும் மாட்டியிருந்தார்கள். டின்னில் தாரால் மீசை வேறு. டிராம் டிப்போவுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில், பலகை அடுக்கின் மறைவில் அவன் நிற்பான். வண்டி கிட்டே வரும்போது கயிற்றை இழுப்பார்கள். அவன் குறுக்கே பாய்வான். நான் வண்டியை நிறுத்த வேண்டும்.

அவ்வளவுதான் பரீட்சை. சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. ஈரப்புல் வாசனையும் புது டயர் வாசனையும் கலந்து அடித்தன. பினாங்கில் டிராமை எடுத்துவிட்டு டிராலி பஸ் விடப் போகிறார்கள். அதற்குத் தண்டவாளம் கிடையாது. மேலே கம்பியில் கரண்ட், கீழே ரப்பர் சக்கரம், கையில் ஸ்டியரிங். டிராம் டிரைவர்கள் பன்னிரண்டு பேரை அதற்குப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அருளப்பனாகிய நானும் அதில் ஒருவன். மரத்தடியில் பெரிய துரை வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழு!" என்று ஒரு குரல். சாக்கு ஆள் பாய்ந்தான். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. நிற்காதது மட்டுமா, முன்னைவிட வேகமாகப் பாய்ந்தது. டின் நசுங்கும் சத்தம் முதுகெலும்பில் கேட்டது. வண்டியின் பின்னால் இருந்தவர் கூரைக் கோலின் கயிற்றைப் பிடித்து இழுத்து, கோலைக் கம்பியிலிருந்து விடுவித்துக் கரண்டை அறுத்த பிறகுதான் வண்டி நின்றது.

துரை தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சின்னத் துரையிடம் ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் 'வேறு ஆட்கள்' என்று சொன்னது நன்றாக விளங்கியது.

நின்றுகொண்டே ஓட்டியவர்கள்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் டிராமைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுத் தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "டிராம் ஓட்டுவதில் என்ன வித்தை இருக்கிறது? தண்டவாளம் போகிற வழியில் வண்டி போகிறது" என்று கேட்கிறார். ஐயா, இந்த வயதில் நான் கோபப்படுவதில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

டிராம் டிரைவருக்கு நாற்காலி கிடையாது. காலையில் ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், ஏறி நின்றால் ஷிப்ட் முடியும்வரை நிற்க வேண்டியதுதான். இடது கையில் வேகக் கைப்பிடி. வலது கையில் பிரேக் சக்கரம். இடது காலடியில் ஒரு குமிழ் இருக்கும். அதை ஓங்கி மிதித்தால் வண்டிக்கு அடியில் டாண் டாண் என்று மணி அடிக்கும்.

குறுக்கே யார் வந்தாலும் டிராமை ஒதுக்க முடியாது. சட்டென்று நிறுத்தவும் முடியாது. ஆகவே எதிரே வருகிறவன் உயிர் அந்த மணியில்தான் இருந்தது. மாட்டுவண்டிக்காரர் தூங்கிவிட்டால் மணி. ரிக்‌ஷாக்காரர் வழவழவென்று இருக்கிறதே என்று தண்டவாளத்தின் மேலேயே ஓடினால் மணி. தைப்பூசக் கூட்டம் மொய்த்தால் நிறுத்தாமல் மணி. சூலியா தெரு முனையில் மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிதித்திருப்பேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

எங்களில் மூத்தவர் வேலாயுதம் அண்ணன். அவர் மணியடிக்கும் தாளத்தை வைத்தே, வண்டி கண்ணில் படுமுன் பாசார்ச் சந்தையில் பெண்கள் கூடையைத் தூக்கிவிடுவார்கள். "வேலாயுதம் வண்டி வருது, கெளம்பு கெளம்பு" என்பார்கள். நான் பதினாறு வருஷம் மிதித்தவன். அவர் இருபதுக்கும் மேல்.

அப்போது ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டை முடிச்சோடு ஜெட்டியில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை டிராமில் நின்றபடி தினமும் பார்ப்பேன். வேலை போனால் எங்களுக்கும் அந்தக் கப்பல்தான்.

நான் அங்கிருந்து வந்தவன், திரும்பிப் போனாலும் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள். என் மனைவி ரோசம்மாள் இங்கேயே பிறந்தவள். கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. "அங்க போயி நானும் ரெண்டு புள்ளைங்களும் யாரு வாசல்ல நிக்கிறது?" என்று ஒருநாள் கேட்டாள்.

லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு வேலையில்லாமல் நின்ற காலம் அது. பாதிச் சம்பளத்துக்கு ஓடி வந்திருப்பார்கள். அப்படியிருந்தும் எங்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்து ஆறு வாரம் பழக்கினார்கள். டவுனில் கேலி செய்தார்கள். 'கிழட்டுப் பள்ளிக்கூடம்' என்று பெயர்கூட வைத்தார்கள்.

சின்னத் துரை என்று நாங்கள் சொன்னது ஓர் இளம் எஞ்சினியரை. அவர்தான் பிடிவாதமாக நின்று இதை வாங்கிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. இவர்களுக்கு ரோடு தெரியும், ஜனங்களைத் தெரியும், வண்டியை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று வாதாடினாராம். வேலைக்கு வைத்திருக்கும் ஆளுக்குச் செலவு செய்து படிப்புச் சொல்லித் தருவார்கள் என்று நான் அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

பேய் பிடித்த வண்டி

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் இஸ்மாயில். அத்தா நாகூர் பக்கம், அம்மா மலாய்க்காரர். சிங்கப்பூருக்குப் போய் டிராலி பஸ் ஓட்டிப் பழகி வந்தவர். வயது இருபத்தெட்டு. எங்களில் பாதிப் பேருக்குத் தம்பி, மீதிப் பேருக்குப் பிள்ளை.

முதல் நாளே வேலாயுதம் அண்ணன் குதித்தார். "மீச சரியா மொளைக்கல, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான். நான் டிராம் ஓட்டுறப்ப இவன் தொட்டில்ல கெடந்திருப்பான்!"

இஸ்மாயில் சிரித்தார். "சாபார் அண்ணே, கொஞ்சம் பொறுங்க. கோவப்படாதீங்க லா. ரோட்ட நீங்க எனக்குச் சொல்லுங்க, வண்டிய நான் ஒங்களுக்குச் சொல்றேன்."

ஸ்டியரிங் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. உட்கார்ந்து ஓட்டுவதற்கும் பழகிக்கொண்டோம். அதற்கென்ன, சுகமாகத்தான் இருந்தது. இடது காலுக்குக் கரண்ட் பெடல், வலது காலுக்குப் பிரேக். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பன்னிரண்டு பேரும் ஒப்பிப்போம்.

பிறகு சாக்கு ஆள் வந்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பன்னிரண்டு பேரும் அவனைக் கொன்றோம். ஒரு நாள் அல்ல, நாள்தோறும். மாலையில் அவனுக்குப் புது நார் திணித்து, டின்னை நிமிர்த்தி, மறுநாள் மறுபடியும் கொன்றோம்.

"நான் பிரேக்கத்தான் மிதிச்சேன், சத்தியமா" என்று ஒவ்வொருவரும் சொன்னோம். பொய்யில்லை. அப்படித்தான் நம்பினோம்.

"வண்டில என்னமோ இருக்குப்பா" என்றார் வேலாயுதம் அண்ணன். "நிறுத்தச் சொன்னா பாயுது. நல்ல வண்டி செய்யிற வேலையா இது?"

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். தேங்காய் உடைத்தோம். நான் மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து டயரில் தெளித்தேன். எங்கள் சீன மெக்கானிக் தன் பங்குக்கு ஊதுவத்தி கொளுத்தினார். எல்லாச் சாமியும் ஒன்றாக வந்து பார்த்தும் சாக்கு ஆள் செத்துக்கொண்டேதான் இருந்தான்.

எந்தக் கால்?

இப்போது அந்தப் பதினோராவது சாவுக்கு வருகிறேன். பெரிய துரை காரில் ஏறிப் போய்விட்டார். பத்து நாள் தவணை கொடுத்திருக்கிறார், அதற்குள் நிறுத்தப் பழகாவிட்டால் வேறு ஆட்களை எடுத்துவிடுவார்கள் என்று சின்னத் துரை இஸ்மாயிலிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இஸ்மாயில் படியேறி வந்து பக்கத்தில் குந்தினார்.

"அருளப்பண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளு தம்பி. சாக்கு ஆளுக்குப் பதிலா நான் செத்திருக்கலாம்."

"டிராம்ல போறப்ப ஆளு குறுக்க வந்தா மொதல்ல என்னா செய்வீங்க?"

"பிரேக் போடுவேன்."

"அதுக்கும் முந்தி."

யோசித்தேன். "மணி அடிப்பேன்."

"எதால அடிப்பீங்க?"

குனிந்து பார்த்தேன். வண்டி நின்று வெகுநேரம் ஆகியும் என் இடது கால் கரண்ட் பெடலைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஐயோ ஆண்டவரே! உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. என் கால் மணியடித்திருக்கிறது. மணி இல்லாத வண்டியில், மணி இருந்த இடத்தில், அந்தச் சாக்கு ஆளை விலகச் சொல்லி உயிரைக் கொடுத்து மிதித்திருக்கிறது. பதினாறு வருஷம் ஜனங்களைக் காப்பாற்றிய அதே மிதிதான் இப்போது கொல்கிறது. அது எனக்கே தெரியவில்லை.

மற்றவர்களையும் கூப்பிட்டு இஸ்மாயில் அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொருவராகக் குனிந்து தன் காலைப் பார்த்தார்கள். வேலாயுதம் அண்ணன் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட நாசமாப் போற காலே," என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எல்லோருக்கும் பயம் பிடித்தது. தெரியாததைக் கற்றுக்கொண்டுவிடலாம். நமக்கே தெரியாமல் உள்ளே ஊறிப் போனதை எப்படி எடுப்பது?

வீட்டுப் பாடம்

"எடுக்க முடியாதுண்ணே" என்றார் இஸ்மாயில். "அது மேலயே வேற ஒண்ணப் பழக்கணும். 'ஆளு'ன்னு யாராச்சும் கத்துனா, மொதல்ல எடது காலு மேல வரணும். அப்பறம் வலது காலு கீழ போவணும். யோசிக்கக் கூடாது. யோசிச்சா லேட்டு."

டிப்போவில் பெஞ்சு போட்டு, தரையில் இரண்டு மரக்கட்டைகளை ஆணியடித்தார். அரைமணிக்கு ஒருதரம் பின்னால் வந்து "ஆளு!" என்று கத்துவார். பன்னிரண்டு பெரிய மனிதர்கள் காலைத் தூக்குவோம். போதாது என்று கண்டுகொண்டு, "வூட்டுலயும் சொல்லிருங்க. சாப்புடுறப்ப, குளிக்கிறப்ப, எப்பயும் கத்தச் சொல்லுங்க" என்றார்.

ரோசம்மாளிடம் சொன்னதுதான் தாமதம். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தவள் போலப் பிடித்துக்கொண்டாள். சட்டி கழுவுகிற இடத்திலிருந்து "ஆளு!" சட்டைக்குப் பொத்தான் போடும்போது "ஆளு!" பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்து கத்தின. ஒருநாள் கால் தூக்கிய வேகத்தில் சூடான கோப்பி மடியில் கொட்டிவிட்டது. நான் துள்ளினேன்.

"கோப்பிய விடுங்க, காலு தூக்குனீங்களா இல்லியா?" என்றாள் அவள்.

சூலியா தெருவில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் கடையில் இன்னொரு கூத்து. ஆறு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். சமையல்காரன், "பாய், ஒங்களத் தேடி ஆளு!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். ஆறு முழங்கால்களும் மேசையை அடியிலிருந்து இடித்தன. கிளாசெல்லாம் கவிழ்ந்தது.

கடைக்கார பாய் ஓடி வந்தார். "என்னாங்கடா, ஆறு பேருக்கும் ஒண்ணா காலு வலிப்பா?"

கிண்டல் ஒரு பக்கம், நாள் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆறாம் நாள் வரை முதலில் மிதித்துவிட்டுப் பிறகுதான் தூக்கினேன். ஏழாம் நாளும் அப்படித்தான். ரோசம்மாள் கத்துவதில் விளையாட்டு குறைந்துவிட்டது.

எட்டாம் நாள் காலையில் ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். "ஆ" என்றாள். அவள் முடிக்கவில்லை. என் இடது கால் மேலே நின்றது.

இருவரும் அந்தக் காலையே பார்த்தோம். "நீங்க யோசிக்கவே இல்லியே" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முப்பத்தெட்டு வயதில் என் உடம்பு எனக்குத் தெரியாமல் ஒரு பாடம் படித்துவிட்டு வந்து நிற்கிறது. இப்படியும் நடக்குமா என்று இருந்தது.

துரை திரும்பி வந்தார்

பத்தாம் நாள் பெரிய துரை அதே மரத்தடியில் நின்றார். என் முறை நான்காவது. பலகை அடுக்கு கிட்டே வந்தது. சாக்கு ஆள் பாய்ந்ததைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது அவனுடைய தார் மீசையை. கண்ணாடிக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், கயிற்றில் ஆடிக்கொண்டு முழு உருவமாக நின்றான்.

இறங்கிப் போய் அந்தச் சனியனைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தேன். துரை பார்த்தால் பார்க்கட்டும்.

பத்துப் பேர் தேறினோம். இரண்டு பேர் தேறவில்லை. ஒருவர் மறுமாதமே கப்பல் ஏறினார். ஜெட்டிக்குப் போய் வழியனுப்பினோம்.

இன்னொருவர் வேலாயுதம் அண்ணன். எங்களில் நன்றாக மணியடித்தவர் அவர்தான். அதனால்தானோ என்னவோ, அவர் கால் கடைசிவரை கேட்கவில்லை. பத்து நாளும் ஒரு வேளை விடாமல் பழகினார் மனிதர். துரை முன்னால் மூன்று தடவை இடித்தார். மூன்றாவது தடவை அவரே இறங்கி, தொப்பியைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு நடந்தார்.

இஸ்மாயில்தான் ஓடிப்போய்ச் சின்னத் துரையிடம் பேசினார். அடுத்த அணிக்குச் சாக்கு ஆளை இழுக்க அண்ணனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எந்த நொடியில் ஒரு மனிதன் ரோட்டில் குறுக்கே பாய்வான் என்பது அண்ணனைவிட யாருக்குத் தெரியும்? ஓய்வு பெறும்வரை அந்தக் கயிறு அவர் கையில்தான் இருந்தது.

ஆயர் ஈத்தாம் சாலையில்

அதற்குப் பிறகு சில மாதம் இருக்கும். ஆயர் ஈத்தாம் பாசாரை நெருங்கிக்கொண்டிருந்தேன். வண்டி நிறைய ஆட்கள். கீரைக்கட்டு, கோழி, கருவாட்டுக் கூடை எல்லாம் உள்ளே இருந்தன. நல்ல வெயில்.

ரோட்டோரம் நின்ற மாட்டுவண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். நாலு வயது இருக்கும். அரைஞாண் கயிறு மட்டும்தான் உடம்பில். அவன் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. வண்டி நின்றிருந்தது. உள்ளே கூடைகள் உருண்டன. கோழி கத்தியது. யாரோ என்னைத் திட்டினார்கள். குனிந்து பார்த்தேன். இடது கால் அந்தரத்தில் நின்றது. வலது கால் பிரேக்கை அமுக்கியிருந்தது.

முன் கண்ணாடிக்குக் கீழே பையன் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூக்கில் ஒழுகியதுகூடத் தெரிந்தது.

அவனுடைய அம்மா பாய்ந்து வந்தாள். தூக்கினாள். முதுகில் ஓர் அறை விட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"யோவ்! கண்ணு என்னா பொடரிலயா இருக்கு? புள்ள வர்றது தெரியுதுல்ல, ஒரு மணி அடிக்கத் தெரியாது? முந்தி டிராம் ஓட்டுனவங்க எவ்ளோ அழகா மணியடிச்சிட்டு வருவாங்க! ஒனக்கெல்லாம் யாருய்யா வேல குடுத்தா? ஒண்ணுமே சொல்லித் தர்லியா ஒனக்கு?"

வண்டிக்குள் எல்லோரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "ஆமா, மணி அடிச்சிருக்கணும்" என்றார் ஒரு பெரியவர்.

நான் என்ன சொல்வேன்? பன்னிரண்டு பேர், ஆறு வாரம், சாக்கு ஆள், சமையலறையிலிருந்து கத்திய என் மனைவி என்று அந்த வெயிலில் கதை சொல்ல முடியுமா? சொல்லவும் தோன்றவில்லை. பையன் அடி வாங்கிய ஆத்திரத்தில் தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தான். அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தப்புதான் தங்கச்சி," என்றேன். "இனிமே பாத்து ஓட்டுறேன்."

அவள் திட்டிக்கொண்டே பையனை இடுப்பில் வைத்துப் பாசாருக்குள் போனாள். கூட்டத்துக்குள் மறைந்த பிறகும் அவன் அழுகை கேட்டது. "எடுங்கண்ணே, நேரமாவுது" என்று பின்னாலிருந்து அவசரப்படுத்தினார்கள். உயிரோடு அழுகிற அந்தக் குரலை ஓயும்வரை கேட்க வேண்டும் என்று, நான் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.